எலும்புக்கும் பீங்கானுக்கும் கல்யாணம்

ஸ்டெல்லாவின் அண்ணன் போன் செய்தபோது நான் ஆய்வகத்தில் அந்துருண்டை இடித்துக்கொண்டிருந்தேன். "பரீதா, தங்கச்சி போயிடுச்சும்மா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கல." எங்கே போனாள் என்று கேட்டேன். என்ன மடத்தனம்!

அவளை அறிந்தவர்களுக்கு அந்துருண்டை என்றாலே சிரிப்பு வரும். முறிந்த எலும்பின் இடைவெளியில் வைக்கும் பீங்கான் துண்டு செய்வது எங்கள் வேலை. கெட்டியாகச் சுட்டால் பலமாக இருக்கும், ஆனால் எலும்பு உள்ளே வளராது. துளை விட்டால் எலும்பு வளரும், துண்டு நொறுங்கிவிடும். அந்துருண்டைத் தூளைப் பீங்கான் மாவில் கலந்து சூடாக்கினால் அது ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் துளை. எவ்வளவு கலப்பது என்பதிலேயே எங்கள் வருடங்கள் கழிந்தன.

ஒவ்வொரு முறை நொறுங்கும்போதும் நான் கத்துவேன். அவள் தூளைக் கூட்டிக்கொண்டே, "எலும்பே ஒடையுது, இது ஒடையாதா? வா, திரும்பச் சுடுவோம்" என்பாள். அந்தப் பிடிவாதம் அண்ணனுக்காக. பூவம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்ததில் அவர் கால் எலும்பில் ஒரு துண்டே போய்விட்டது. இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். "அண்ணன் அந்தக் கம்பத் தூக்கி எறியறத நான் பாக்கணும் பரீதா."

மாலையில் கோவில்பத்து பஸ்ஸில் ஏறினால், பீரோவிலிருந்து அப்போதுதான் எடுத்த பட்டுப்புடவை வாசனை எங்கள் மேல் வீசும். கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருக்குங்க கல்யாணம்?" என்பார். ஸ்டெல்லா முகம் மாறாமல் சொல்வாள்: "எலும்புக்கும் பீங்கானுக்கும். நாள்தான் இன்னும் குறிக்கலைங்க." பஸ்ஸே சிரிக்கும்.

அவள் போய் மூன்று வாரம் கழித்து, போன வாரம்தான், எங்கள் சோதனை வெள்ளாட்டின் எக்ஸ்ரே வந்தது. அதன் காலில் துண்டு வைத்தபோது அவள் பக்கத்தில் நின்றாள். இப்போது படத்தில் எலும்பு எது, துண்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆடு நாலு காலையும் ஊன்றி வேலித் தழையைக் கடித்துக்கொண்டிருந்தது. அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். மனிதர்களுக்கு வைக்க இன்னும் காலமாகும் என்றேன். "இருக்கட்டும்மா. தங்கச்சி பாத்திருக்கணும்" என்றார்.

அடிப்பாவி, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அன்று மாலை தனியாக பஸ் ஏறினேன். கண்டக்டருக்கு விஷயம் தெரியாது. "என்னங்க, கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சா?" என்றார். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாசனையும், அவள் பாதியில் விட்டுப்போன அந்தப் பதிலும்தான். மீதியை நான் சொன்னேன்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிடுச்சுங்க. பெத்தவதான் வரல."