ஹெட்போனில் கேட்ட இரண்டாவது குரல்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், எங்கள் தமிழ்த் தேவாலயத்தில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவன் நான். பிரசங்கம் நீண்டால் ஹெட்போனை மாட்டியபடியே போதகரைக் கேலி செய்து நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவேன்.

ஒரு ஞாயிறு, போதகரின் குரலுக்கு அடியில் ஒரு பெண்ணின் முணுமுணுப்பு கேட்டது. அது நின்றால் அவர் தடுமாறினார். தொடர்ந்தால் அவரும் தொடர்ந்தார்.

பிரசங்கம் முடிந்த கையோடு, அந்தக் குரலைத் தேடிப் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறைக்குப் போனேன். வாராவாரம் அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஃபெரி ஏறி வந்து பீடத்துக்குப் பூ வைக்கும் அக்கா, பலகைச் சுவரில் நெற்றியை அழுத்தியபடி முழங்காலில் இருந்தார். திரும்பியபோது அந்த ஒடுங்கிய முகத்தில், நெற்றியின் குறுக்கே பலகையின் கோடு பதிந்திருந்தது.

“இங்க என்ன செய்றீங்க, அக்கா?”

“பாஸ்டருக்கு ஜெபம் பண்றேன் லா, தம்பி. பேசி முடிக்கிற வரைக்கும் யாராச்சும் அவர ஜெபத்துல தாங்கணும்.”

“நீங்க வராத அன்னிக்கு?”

என் கையிலிருந்த போனையே பார்த்தார். “நீ இருக்கியே.”

அதன் பிறகு அவர் வரவேயில்லை. விசாரிக்கலாமென்றால் அவர் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் போதகர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். சபையே திகைத்தது. அப்போது அந்த முணுமுணுப்பு மறுபடி கேட்டது. அவரும் பேசத் தொடங்கினார். பின்னறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே யாருமில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். முணுமுணுப்பு நிற்கவில்லை. அசைந்துகொண்டிருந்தவை என் உதடுகள்.