அடிபட இறுகும் எஃகு

12-6-1979: பார்சல், நான்கு ரூபாய் இருபது காசு.
3-10-1980: பார்சல், நான்கு ரூபாய் எண்பது காசு.

இரண்டும் அரியலூரிலிருந்து ராஞ்சிக்குப் போனவை. சுண்ணாம்புக்கல் உடைக்கும் ஆலையில் ஃபிட்டரான அங்கமுத்து, இயந்திரத்தின் தேய்ந்த தகட்டில் துண்டு வெட்டி, அங்கே உலோக ஆராய்ச்சியில் இருந்த மகன் ராசாங்கத்துக்கு அனுப்பினார். இரும்பும் மாங்கனீசும் கரியும் கலந்த அந்த எஃகு அடிபட அடிபட இறுகும். அணு அடுக்குகள் வழுக்கி, ஒன்றையொன்று மறித்து, மேலே நகர முடியாமல் போவதால்தான் அப்படி என்று மகன் எழுதியிருந்தான். ஊருக்கு வருவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவன் வந்துபோய் நான்கு வருடமாகியிருந்தது.

முதல் துண்டு கேஸ் சுடரில் வெட்டியது. சூட்டில் அணுக்களின் ஒழுங்கு கெட்டுவிட்டது, சூடுபடாமல் வெட்டி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. இரண்டாவதையும் அவர் கேஸிலேயே வெட்டினார்.

"ஏங்க, புள்ள வேணாங்கறதையே செய்யறீங்க?" என்றாள் மனைவி இருசம்மாள்.

"கெட்டுப் போவட்டும். அப்பத்தான் அவனே வந்து வெட்டிக்குவான்."

"பெத்த புள்ளைக்கே தூண்டில் போடுறீங்களாக்கும்!" என்று சிரித்தாள். ஆனாலும் சந்தைக்குப் போக இருந்த சேவலை விற்காமல் நிறுத்திவைத்தாள்.

ராஞ்சிப் பக்கத்து ஆலையிலேயே நல்ல துண்டு கிடைத்துவிட்டது, இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று ராசாங்கம் எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 17-2-1981.