ஒதியம்பட்டுப் பேரீச்சை

பட்டாளத்திலிருந்து திரும்பிய அன்று என் வீட்டுக்காரர் தகரப் பெட்டியைத் திறந்து முதலில் காட்டியது எனக்கு வாங்கிய சேலையை அல்ல. கைக்குட்டையில் முடிந்திருந்த நான்கு பேரீச்சங்கொட்டைகளை. எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். அல்ஜீரியாவில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், அங்கே தின்ற பழத்தின் கொட்டையை ஒதியம்பட்டு வரை சுமந்து வந்திருந்தார். பெட்டியில் சேலை இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான்கில் ஒன்று முளைத்தது. கிணறு வற்றிய கோடையில் கொல்லை வாழையெல்லாம் மடிந்தன. இது சொட்டுத் தண்ணீர் கேட்காமல் நின்றது. எட்டாம் வருடம் பூத்தது. பட்டாணி அளவில் பிஞ்சு விட்டு, எல்லாம் உதிர்ந்தது. மறு வருடமும் அதே கதை. அதற்குள் ஓலை முள் எங்கள் கன்றுக்குட்டியின் கண்ணைக் குத்திவிட, எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்த வருசமும் காய்க்கலைன்னா வெட்டிப்புடணும். அந்த எடத்துல மாட்டுக் கொட்டா போடலாம்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டார். எதற்கும் இறங்கி வராத மனிதர் சட்டென்று ஒத்துக்கொண்டது எனக்கே என்னவோ போலிருந்தது.

மாசியில் பாளை வெடித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "அந்த ஊர்ல ஒரு மரத்துப் பூவை ஒடிச்சு இன்னொரு மரத்துல ஏறிக் கட்டுவாங்க. ஏதோ நேத்திக்கடன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்" என்றார்.

நேர்த்திக்கடனாவது! பூசணிக் கொடியில் ஆண் பூ, பெண் பூ பார்த்தவள் நான். எங்களுடையது பெண் மரம் என்று புரிந்துவிட்டது. ஆனால் ஆண் மரம் தேடிக் கப்பல் ஏறவா முடியும்? ஏரிக்கரையில் நம் ஊர் ஈச்சமரங்கள் பூத்து நின்றன. ஓலையும் அதே, முள்ளும் அதே. ஒட்டுமா, ஒட்டாதா? பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் வந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வில்லியனூர்ச் சந்தைக்குப் போன நாளில், தட்டினால் மாவு பறந்த ஒரு பூவை ஒடித்து வந்து எங்கள் பாளைக்குள் என் பழஞ்சேலைக் கிழிசலால் கட்டிவிட்டேன். வெட்டச் சொன்ன நானே இப்படிச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

பிஞ்சு உதிரவில்லை. ஆனியில் குலை மஞ்சளானது. அவர் ஒன்றைக் கடித்து, துவர்ப்பில் முகம் சுளித்து, இன்னொன்றையும் கடித்தார். "கோடாலிக்குப் பயந்து காய்ச்சிருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் ஆமாம் போட்டேன்.

மறு வருடம் மாசியில் ஏரிப் பக்கமிருந்து வந்தவர் கையில் ஈச்சம்பூ. என்னிடம் நீட்டினார்.

"இன்னா பாக்கறே? கட்டு. போன வருசம் குலையை அறுக்கறப்பவே உன் முடிச்சைப் பாத்துட்டேன்டி."