கப் இல்லாதவனுக்குத் தேநீர் இல்லை

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு மலைக்காடு. மைனஸ் ஒன்பது டிகிரி. முப்பது கிலோமீட்டர் ஓட்டத்தின் பாதி வழியில், மரங்களுக்கு அடியில் தேநீர் அண்டா ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. என் தண்ணீர் பாட்டிலின் மூடி உறைந்துபோய்த் திறக்க மறுக்கிறது. கூட ஓடிவந்த நண்பன் செல்வத்தைக் கடைசி ஏற்றத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவன் வேகத்துக்கு ஓடினால் கெடு நேரம் தாண்டிவிடும்.

அண்டாவுக்குப் பின்னால் நிற்கும் அக்கா என் முகத்தைப் பார்த்ததும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார்.

"கப்பை நீட்டுங்கோ தம்பி."

"கப் கொண்டுவரலைக்கா. பேப்பர் கப்ல குடுங்களேன்."

"ஏலாது. காட்டில குப்பை சேருமெண்டு நாங்கள் பேப்பர் கப் வைக்கிறேல்லை. எல்லாரும் தங்கட கப்போடதான் ஓடுவினம்."

விதி எனக்கும் தெரியும். எடை குறையட்டும் என்று கப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவன் நான்.

"ஃபிரண்டுகிட்ட ஒண்ணு இருக்கு. பின்னாடி வர்றான்."

கடிகாரத்தைப் பார்க்கிறேன். பாதையைப் பார்க்கிறேன். காலை மாற்றி மாற்றி உதைக்கிறேன். வழியில் நான் முந்திவிட்டு வந்தவர்கள் எல்லாம் குடித்துவிட்டு ஓடுகிறார்கள். பத்து நிமிடம் கழித்து, புருவமெல்லாம் பனியோடு, செல்வம் நொண்டிக்கொண்டே வருகிறான்.

"டேய், எனக்காகவாடா நிக்கிற?"

அக்காவைப் பார்க்கிறேன்.

"ஓம். உங்களைக் காணேல்லையெண்டு அவர் துடிச்சுப்போனார்," என்கிறார் அக்கா, சிரிக்காமல்.

செல்வம் பையிலிருந்து கப்பை எடுக்கிறான். அது நிரம்பியதும் முதலில் என்னிடம் நீட்டுகிறான்.

ஒரே மடக்கில் குடிக்கிறேன். நாக்கு வெந்துபோகிறது. வேகட்டும்.