நான் வாயே தொறக்கல

பேயி, பிசாசு, காத்து, கருப்பு, இதெல்லாம் எனக்கு சுத்தமா ஆவாது தம்பி. எங்க நைனா ஞானஸ்நானம் வாங்கின அன்னிக்கே வூட்ல இருந்த தாயத்து, மந்திரிச்ச தகடு எல்லாத்தையும் வாரிக்கினு போயி செய்யாத்துல வுட்டுட்டாரு, அவரு புள்ள நானு. ஆயுசு பூரா சபையில ஆயரா இருந்தவன், பேய் புடிச்சிருக்குதுன்னு இட்டாந்த பொண்ணுங்களுக்கெல்லாம் மொதல்ல வயித்துக்கு சோறு போடுங்கடான்னு திட்டி அனுப்பினவன். அப்பேர்ப்பட்டவன் ஒண்ணு சொல்றேன், நீ உள்ளுக்குள்ள சிரிப்பே. சிரிச்சுக்கோ. ஆனா நடந்தது நடந்துச்சு, அதுவும் ராத்திரியில இல்ல, பட்டப்பகல்ல.

அறுவதாம் வருசம் முன்ன பின்ன இருக்கும். நான் ஆயர் வேலைக்கு மெட்ராசுல வேத பாடசாலையில படிச்சுக்கினு இருந்தேன். எங்க சேரியில இருந்து அந்தப் படிப்புக்குப் போன மொத ஆளு நான்தான், அந்தத் தலக்கனம் வேற. அங்க ஒரு வெள்ளக்கார அம்மா பாடம் எடுக்க வந்தாங்க, அவுங்க குவேக்கரு. குவேக்கருன்னா இன்னான்னு கேக்கறியா? அவுங்களும் கிறிஸ்தவங்கதான், ஆனா அவுங்க கூட்டத்துல ஆயரு கெடையாது, பாட்டு கெடையாது, பிரசங்கம் கெடையாது. எல்லாரும் கம்முனு ஒக்காந்துக்கினு இருப்பாங்க. ஆண்டவரு யாரு மனசுலயாவது ஒரு வார்த்தைய போட்டார்னா அவுங்க மட்டும் அத வாயத் தொறந்து சொல்லணும். ஆனா அது ஆண்டவரு போட்டதா, நம்ம மனசே கெளப்பி வுட்டதான்னு நல்லா சோதிச்சுப் பாக்கணும், தோணினதெல்லாம் பேசிடக்கூடாது. இத அந்தம்மா ரொம்ப அழுத்திச் சொல்லுவாங்க. கோட லீவுல அவங்கவங்க ஊரு சபையில ஒரு தடவையாவது இப்படி ஒக்காந்து பாருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

எங்க ஊரு மாகறலுக்கு இந்தாண்ட, ஆத்தோரம். கோயிலுன்னா பனவோல போட்ட கூரதான். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வூட்டுக்குப் போயி கூழு குடிச்சவங்க, எனக்காக மறுபடி வந்தாங்க. "இன்னாடா படிப்பு இது, கம்முனு ஒக்கார்றதுக்கு மெட்ராசு போயி படிக்கணுமா? பண்ணையில திட்டு வாங்கிக்கினு காலம் பூரா நாங்க அததான பண்றோம்"னாரு எங்க சித்தப்பா. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பாய் விரிச்சு ஒக்காந்தோம். எனக்கு நேரா எதிர்க்க மரியாள்னு ஒரு பொண்ணு. அவளுக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்காது, பேச்சும் வராது, எல்லாம் கை ஜாடதான். மத்த நாள்ல எங்க வாயவே பாத்துக்கினு இருப்பா, இன்னிக்கு மட்டும் நாம எல்லாரும் அவள மாதிரி ஆயிட்டோம்னு நெனச்சுக்கினேன்.

கொஞ்ச நேரம் ஈ பறக்கற சத்தம்தான். அப்பறம் எனக்குள்ள ஒரு வார்த்த வந்துது. பண்ணக் கெணத்தாண்ட ஓடுங்க, எஸ்தரு உள்ள கீறா. அவ்ளோதான். எஸ்தரு எங்க பெரியப்பா மவன் தேவதாசோட பொஞ்சாதி, புள்ளத்தாச்சி. வூட்ல படுத்துக்கினு இருக்கா, அதான் கூட்டத்துக்கு வரலன்னு தேவதாசு சொல்லியிருந்தான்.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா தம்பி? சோதிச்சுப் பாத்தேன். எப்படி சோதிச்சேன்? ஆண்டவரு பேசினா வேதத்துல இருக்கற மாதிரிதான பேசுவாரு, நீங்கள் எழுந்து புறப்பட்டுப் போங்கள்னு. இருக்கான்னு சொல்லாம கீறான்னு எந்த ஆண்டவர்டா பேசுவாரு? அது சேரிப் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் பாடசாலையில எல்லாரும் என்ன வெச்சு சிரிச்சாங்க, நாக்க மாத்திக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துது. இது என் மனசு கெளப்பறது, ஆண்டவரு இல்லன்னு முடிவு கட்டிட்டேன். மறுபடி வந்துது, இன்னும் பலமா. நான் கீழ் ஒதட்ட பல்லால கடிச்சுக்கினேன். சொல்லி, அவ பாட்டுக்கு வூட்ல தூங்கிக்கினு இருந்தா, சித்தப்பா காலத்துக்கும் கிண்டல் பண்ணுவாரேன்னு பயம் வேற. ரெண்டு உசுரு அங்க தத்தளிக்குது, நான் இங்க மானம் மரியாதய பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். அத நெனச்சா இப்ப கூட சோறு எறங்காது.

அப்போ மரியாள் துள்ளி எழுந்தா. என் மூஞ்சிய ஒரு தரம் பாத்தா, முந்தானைய இழுத்து சொருவினா, ஓடினா. அவ பின்னாடியே தேவதாசு ஐயோ எஸ்தருன்னு கத்திக்கினு ஓடறான், அப்பறம் மொத்த ஜனமும். நான்தான் கடைசி.

எங்க சேரிக் கெணறு அந்தக் கோடையில வத்திப்போயிருந்துது. பண்ணக் கெணத்துல நம்ம ஆளுங்க கை வெக்கக்கூடாது, தெரிஞ்சா தோல உரிச்சுடுவாங்க. பண்ணக்காரங்க சாப்ட்டுட்டு தூங்கற நேரமாப் பாத்து, புருசனாண்ட கூட சொல்லாம, எஸ்தரு கொடத்த எடுத்துக்கினு போயிருக்கா. படியில பாசி, வழுக்கி வுட்டுடுச்சு. நாங்க போயி எட்டிப் பாக்கறோம், சுவத்துல மொளச்ச அரசங்கன்ன புடிச்சுக்கினு மோவாக்கட்ட வரைக்கும் தண்ணியில கீறா. கத்தினா பண்ணக்காரங்க வந்துடுவாங்கன்னு வாயத் தொறக்கவே இல்ல, பாவி மவ. தேவதாசு குதிச்சான், பொம்பளைங்க சேலைய முடிச்சுப் போட்டு எறக்கினாங்க, பண்ணக்காரங்க முழிச்சுக்கறதுக்குள்ள மேல தூக்கி எங்க தெருவுக்கு இட்டாந்துட்டோம். தாயும் புள்ளயும் பொழச்சுது.

எல்லாரும் என் கையப் புடிச்சுக்கினு அழுவறாங்க. "நல்ல வேள நீ சொன்னடா"ங்கறாரு, கிண்டல் பண்ண அதே சித்தப்பா. இன்னா சொன்னேன்னு கேட்டேன். "பண்ணக் கெணத்தாண்ட ஓடுங்க, எஸ்தரு உள்ள கீறான்னு கத்தினியே, கூரையே அதிர்ந்துச்சே"ன்னாரு. அதே வார்த்த, ஒண்ணு கூட மாறல. வாயத் தொட்டுப் பாத்தேன். ஒதட்டுல பல்லு பதிஞ்ச எடத்துல இன்னும் ரத்தம் வந்துக்கினு இருக்குது. நான் வாயே தொறக்கல சித்தப்பான்னேன். பையன் பயந்துட்டான், தண்ணி குடுங்கன்னாரு. சரி, அவுங்களுக்காவது காது இருக்குது, ஏதோ பிரமன்னு வெச்சுக்கலாம். மரியாளுக்கு? அவ தன் காத தொட்டுக் காட்டறா, என் வாயக் காட்டறா, சிரிக்கறா, அழுவறா. எம்பொண்ணுக்கு காது வந்துடுச்சுன்னு அவ ஆத்தா மார்ல அடிச்சுக்கினு கத்துது. வரல தம்பி. அப்பறம் இடி இடிச்சா கூட அவளுக்குக் கேக்கல.

நான் வாயே தொறக்கலன்னு ரெண்டாந்தரம் யாராண்டயும் நான் சொல்லல. சேதி பாடசாலைக்குப் போச்சு. வெள்ளக்கார அம்மா கண்ணு கலங்கி என் தலையில கை வெச்சாங்க, நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்னேன். இத வெச்சே எனக்கு ஆயராவற குருப்பட்டம் சீக்கிரமா கெடச்சுது. எஸ்தரு புள்ளைக்கு என் பேர வெச்சாங்க, அவன் என்னப் பாத்தா கால்ல வுழுவான். டேய், உன்ன தண்ணியில வுட்டுட்டு ஒக்காந்திருந்தவன்டா நானுன்னு சொல்லிடலாம்னு பாப்பேன். சொன்னதே இல்ல. ஊரு ஊரா போயி மத்தவங்களுக்கு பாவமன்னிப்பு சொல்லிக்கினு இருந்தேன்.

போன வருசம் மரியாள் படுத்த படுக்கையா கீறான்னு ஆள் வந்துது, போனேன். கெழவி ஆயிட்டா, என்னப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஜெபம் பண்ண வாயத் தொறந்தேன், கைய நீட்டி என் வாயப் பொத்தினா. சரின்னு கம்முனு ஒக்காந்தேன். சத்தியமா சொல்றேன், எனக்குள்ள ஒரு வார்த்தயும் வரல, வெறும் பயம்தான். ஆனா அவ என் மூஞ்சியவே பாத்துக்கினு தலைய சாச்சு கேக்கறா. கண்ணத் தொடச்சுக்கறா. நடுவுல ம், ம்னு தலைய ஆட்டறா. ரொம்ப நேரம். கடைசியில என் கையத் தட்டிக் குடுத்துட்டு ஏதோ ஜாட காட்டினா, எனக்குப் புரியல. அம்மா இன்னா சொல்லுதுன்னு பக்கத்துல நின்ன அவ மவளக் கேட்டேன். அந்தப் பொண்ணு என்ன ஒரு மாதிரியா பாத்துச்சு.

"சரி, நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுதுங்க ஐயா."

அடுத்த வாரம் மரியாள் போயிட்டா. அன்னிக்கு நான் அவளாண்ட இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியல தம்பி.