சந்தியோடு நின்றுபோன பஸ்

பதுளைக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் துன்ஹிந்த அருவியைப் பற்றித்தான் சொன்னார்கள். நான் அருவி பார்க்கப் போகவில்லை. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் சிலரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். போனது 2007 ஓகஸ்ட்டில், நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு. கேட்க வேண்டிய மன்னிப்புக்கு அப்போது ஒன்பது வயது.

காரணம் வெள்ளவத்தையில் கிடைத்தது. நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் சுகந்தி என்று ஒரு பெண் காசாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஊர் எது என்று கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "லீவுக்குப் போனா பெரும்பாடுங்க சார். பஸ்ஸு சந்தியோட நின்னுடும். மிச்சத்த நடக்கணும். முந்தி தோட்டம் வரைக்கும் வந்துச்சு. கொழும்புல இருந்து ஒரு ஐயா வந்து வெசாரிச்சுட்டுப் போனாரு. அதோட நின்னுடுச்சு" என்றாள். பருப்புப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஐயா நான்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. பஸ்களுக்கு வழி அனுமதி கொடுக்கும் அரச சபை ஒன்றில் நான் பயணிகள் சார்பு அலுவலர். ஒரு பஸ் முதலாளி பாதையை மாற்றவோ குறைக்கவோ கேட்டால் அவருக்காகப் பேச சட்டத்தரணி வருவார். பயணிகளுக்காகப் பேச ஒருவரும் வரமாட்டார்கள். அதற்காகச் சபையே சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்திருக்கிறது. இடத்துக்குப் போய், பயணிகளைக் கேட்டு, அவர்கள் பக்கத்து நியாயத்தை சபைக்கு முன் வைப்பது அந்த ஆளின் கடமை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வேலைக்கு வந்த எனக்கு அந்தக் கதிரை கிடைத்தபோது கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். இரண்டாம் வகுப்பு 270 ரூபாய். பதுளைவரை 292 கிலோமீட்டர். போகும்போது வலப்பக்க யன்னல் நல்லது என்று சிலர் சொல்வார்கள், ஹட்டன் தாண்டிய பிறகு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான், இரண்டு பக்கமும் தேயிலை. தெமோதரையில் ரயில் வட்டமாகச் சுற்றி வந்து தன் பாதைக்குக் கீழேயே நுழையும் இடத்தில் எல்லோரும் கமராவோடு வாசலுக்கு ஓடினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஹாலிஎல தாண்டி மாலை 4.20க்குப் பதுளையில் இறங்கினேன், இருபத்தைந்து நிமிடம் தாமதம். மலைநாட்டு ரயிலுக்கு அது தாமதமே இல்லை.

நிலையத்துக்குப் பக்கத்து லொட்ஜில் அறை 900 ரூபாய். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் முகாமையாளர் கொஞ்சம் தயங்கி, பொலிஸுக்குக் கொடுக்க ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். அந்த வருடங்களில் அது எனக்குப் பழகிப்போன விஷயம். நிரப்பும்போது கை மட்டும் கொஞ்சம் இறுகும். இந்தப் படிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளாமல் படுத்துத் தூங்கியதை மறுநாள் நினைத்து வெட்கப்பட்டேன்.

அடுத்த நாள் காலை 7.10க்குப் பசறை பஸ். இருபது கிலோமீட்டர், 28 ரூபாய், ஒரு மணித்தியாலம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் இருக்கவும், அந்த வளைவுகளுக்கு வெறும் வயிறும் உதவாது, நிறைந்த வயிறும் உதவாது. பசறையில் சந்தை நாள். மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே புகுந்து ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

"மேல தோட்டம் வரைக்கும் போகணும்" என்றேன்.

"சந்தி வரைக்கும்னா வாறேன் சார், முந்நூறு ரூவா" என்றார் சாரதி. "அதுக்கு மேல ரோட்டா அது? பஸ்ஸு போன காலத்துல தோட்டத்துத் தொர ஆளு போட்டுக் கல்லு அடிச்சு வச்சிருந்தாரு. பஸ்ஸு நின்னதும் ரோட்டையும் விட்டுட்டாங்க."

பஸ்தான் பாதையை உயிரோடு வைத்திருந்தது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. பாதை மோசம், ஆகவே பஸ் போக முடியாது என்றுதான் முதலாளியின் மனுவில் இருந்தது. நான் அதை அப்படியே நம்பினேன்.

சந்தியில் இறங்கியபோது 9.05. அங்கே ஒரு தேநீர்க் கடையும் ஒரு சிறிய மாரியம்மன் கோயிலும் உண்டு. அங்கிருந்து தோட்டம் நான்கு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். முதல் இரண்டு கிலோமீட்டர் தேயிலைக்கு நடுவே, வேலை செய்யும் பெண்களின் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு சவுக்குக் காடு ஒன்று வரும். அதற்குள் நடக்க எனக்குப் பதினெட்டு நிமிடம் எடுத்தது. ஒரு மனிதரையும் காணவில்லை. பகல் வெளிச்சத்தில், ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளையான எனக்கே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. 1998இல் நான் இதே பாதையில் அலுவலக ஜீப்பில் ஏறினேன். ஜீப்புக்குள் இருந்தால் காடு தெரியாது.

10.25க்குத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை அடைந்தேன். புறப்படுமுன் சுகந்தியிடம் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன், அவள் தன் அக்கா லோகேஸ்வரியிடம் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தாள். அக்காவுக்கு இருபத்தாறு வயது. பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், வேலை. அன்று லீவு போட்டிருந்தாள். "வாங்கய்யா, உள்ள வாங்க, ஒக்காருங்க. நடந்தா வந்தீங்க?" என்று கேட்டுச் பால் விடாத சாயத் தண்ணியும் சீனியும் வைத்தாள்.

எப்படித் தொடங்குவதென்று ரயிலில் பத்து மணித்தியாலம் யோசித்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "பிள்ளை, அண்டைக்கு பஸ் விசாரணைக்கு வந்தது நான்தான்" என்றேன்.

அவள் சீனியை என் பக்கம் தள்ளி வைத்தாள். "தெரியுங்க. பாத்ததும் தெரிஞ்சுச்சு. அப்ப மீசை வச்சிருந்தீங்க" என்றாள்.

அன்று நடந்தது இது. மாலை மூன்று மணிக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், எழுபது எண்பது பேர் கூடியிருந்தார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட அறிவித்தல்கள் சிங்களத்தில் மட்டும்தான் ஒட்டப்படும். நான் சண்டை பிடித்து, நானே தமிழில் எழுதி ஒட்டுவித்தேன். அதைப் பற்றி நண்பர்களிடம் எல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். களத்தில் அதையே உரத்து வாசித்தேன்: "மேற்படி சேவையின் முடிவிடத்தைச் சந்திக்கு மாற்றியமைத்தல் தொடர்பாக முறைப்பாடு உள்ளோர் தெரிவிக்கலாம்." பிறகு நிமிர்ந்து, "முறைப்பாடு இருக்கா?" என்று கேட்டேன்.

ஒருவரும் பேசவில்லை. பிறகு முன்னால் நின்ற ஒரு பெரியவர், "மொறப்பாடெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பஸ்ஸு நல்லா வருது. டிரைவரும் தங்கமான மனுசன்" என்றார். மற்றவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். நான் 'பயணிகளிடம் முறைப்பாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் சபை பஸ்ஸைச் சந்தியோடு நிறுத்த அனுமதித்தது. என் வரியைத்தான் காரணமாகக் காட்டியது.

"ஏன் பிள்ளை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். இத்தனை வருடமும் அந்தக் கேள்வியில் அவர்கள்மேல் எனக்குச் சின்னக் கோபம்கூட இருந்தது.

"மொறப்பாடுன்னா எங்களுக்கு பொலிசுதாங்கய்யா" என்றாள். "பொலிசுல போயி ஒருத்தன் மேல எழுதிக் குடுக்குறதுதான் மொறப்பாடு. அப்ப பொலிசுன்னாலே பயந்து கெடந்த நேரம். டிரைவரு மேல யாரோ எழுதிக் குடுக்கச் சொல்லி வந்திருக்கீங்கன்னு நெனச்சோம். அவரு பாவம், எங்களுக்காக நின்னு ஏத்திக்கிட்டுப் போவாரு. அவர மாட்டிவிடக் கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் அப்படிச் சொன்னது."

"முடிவிடத்தை மாற்றுறது எண்டு வாசிச்சேனே?"

"அது என்னான்னு வெளங்கலைங்க. கொறை இருக்கான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்போம். பஸ்ஸு இனிமே மேல வராதாம், பரவாயில்லையான்னு கேட்டிருந்தா எங்கப்பா உங்க காலப் புடிச்சிருப்பாரு."

குறை. என் வீட்டிலும் அதே சொல்தான். அலுவலகத்துக்குள் போனதும் கழற்றி வைத்துவிட்டேன். என்னுடைய தமிழும் அவர்களுடைய தமிழும் ஒன்றுதானே என்ற எண்ணத்தில், இன்னொரு தரம், இன்னொரு விதமாகக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் லொட்ஜில் பொலிஸ் படிவத்தில் கை இறுகிய எனக்கு, எழுபது பேர் ஏன் வாயை இறுக்கினார்கள் என்று ஒன்பது வருடமாக விளங்கவில்லை. சொல்லின்மேல் மட்டும் பழி போட்டுத் தப்பவும் மாட்டேன். அன்று மாலை 5.50க்குப் பதுளையில் எனக்கு ரயில் இருந்தது. அந்த மௌனம் சரியில்லை என்று பட்டது. நேரத்தைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன்.

பஸ் நின்றபோது லோகேஸ்வரி பசறையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தோட்டத்திலிருந்து ஐந்து பெண்பிள்ளைகள் அந்த பஸ்ஸில் போய்வந்தார்கள். முதல் இரண்டு மாதம் தகப்பன்மார் முறைபோட்டுச் சந்திக்கு வந்து கூட்டிப் போனார்கள். மாலை வேலையை விட்டுவிட்டு வந்தால் முழு நாளுக்குப் பேர் போடமாட்டார்கள், அரை நாள் சம்பளம் போய்விடும். மழைக்காலம் தொடங்கியதும் ஒவ்வொருவராக நின்றார்கள். லோகேஸ்வரி கடைசியாக நின்றாள். ஆசிரியையாக வர நினைத்தவள். சுகந்தி உயர்தரத்தின் பக்கமே போகாமல் பதினேழு வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை" என்றேன்.

அவள் வேறொன்று கேட்டாள். "நீங்க யாரு ஆளுங்கய்யா, அன்னைக்கு? பஸ் மொதலாளி ஆளா, கவுருமெண்டு ஆளா?"

"நான் உங்கட ஆள். உங்களுக்காகப் பேசத்தான் என்னை வச்சிருந்தது."

"எங்களுக்காகவா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அத மொதல்ல சொல்லியிருக்கலாமேங்கய்யா."

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பசறையிலிருந்து சந்திக்கு நாளைக்கு மூன்று பஸ்: காலை 7, பகல் 12.15, மாலை 5. கட்டணம் 14 ரூபாய். திரும்பும் கடைசி பஸ் மாலை 5.40, தவறினால் ஆட்டோவும் கிடையாது. அட்டை கடிக்கும், சவர்க்காரம் பூசிய காலுறை உதவும். லயங்களுக்குள் கமராவோடு நுழையாதீர்கள், அது அவர்களுடைய வீடு. அரச அலுவலாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்வேன். நீங்கள் யாருடைய ஆள் என்பதை முதலில் சொல்லுங்கள். கொண்டுபோகும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என்ன பறிபோகப் போகிறது என்பதை வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அன்றைய ரயிலை விட்டுவிடுங்கள்.

கொழும்புக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் எழுதி, என் பிழை என்றும் எழுதி, சபையிடம் மறுவிசாரணை கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இதை எழுதும்வரை பஸ் மேலே போகவில்லை.

லோகேஸ்வரி அன்று சந்திவரை என்னோடு நடந்து வந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "அன்னைக்கு நானும் களத்துல நின்னேங்கய்யா. ஸ்கூல் விட்டு அப்பத்தான் எறங்குனேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு கையத் தூக்கப் போனேன், நீங்க பைலை மூடிட்டீங்க" என்றாள்.

என்ன கேட்க இருந்தாய் என்று கேட்டேன்.

"காலையில பஸ்ஸ பத்து நிமிசம் முந்தி விடச் சொல்லுவீங்களான்னு. மொத பாடத்துக்குப் பிந்திப் போனா டீச்சர் வெளிய நிக்க வச்சிருவாங்க."