பஸ் நம்பர் பூட்டு

முதியோர் மன்றத்தில் அன்றைக்குப் பூண்டு உரிக்கும் வேலை. நவம்பர் கடைசி, குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸைக் காரமாக ஊறவைத்துக் கிம்ச்சி போடும் சமயம். வட்டமாக உட்கார்ந்து கை வேலை செய்ய, வாய் அதைவிட அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தது. நடுவில் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து, சூடான தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். உங்கள் வாழ்நாளில் வந்த கண்டுபிடிப்புகளில் எது பெரிது?

"வாஷிங் மெஷின்தான். ஆத்துல ஐஸை ஒடைச்சுத் துணி தொவச்ச கை இது. அதக் கண்டுபிடிச்சவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"போன். பேரன் மொகத்த உக்காந்த எடத்துலயே பாக்குறேன்."

"உன் பேரன் மொகத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு வேறயா?"

"சோறாக்குற குக்கர்னு எழுதிக்கோம்மா. 'சோறு ரெடி, கிளறி விடுங்க'ன்னு சொல்லுது பாரு, என் வீட்ல என்கிட்ட மரியாதையா பேசுறது அது ஒண்ணுதான்."

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் பில்சுன் பக்கம் திரும்பினாள். பில்சுன் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்பர் பூட்டு" என்றாள்.

"கதவுப் பூட்டா பாட்டி? ஏன்?"

"சாவி வேண்டாம்ல."

அவ்வளவுதான் பதில். பக்கத்தில் இருந்தவள் அவளைக் காட்டி, "ஜோங்தே அம்மா வாயில இருந்து நாலு வார்த்த வந்தா அன்னிக்கு மழைதான்" என்றாள். பில்சுனுக்கு அது வருத்தமாகவும் இல்லை, வேடிக்கையாகவும் இல்லை. அவளுக்கு எதுவும் எப்படியும் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

அவள் ஒன்றும் பிறவி ஊமை அல்ல. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் ஆள் முழுகும் அண்டாக்களை முப்பது வருஷம் கிளறியவள். அந்த இரைச்சலிலும் அவள் குரல் தனியாகக் கேட்கும் என்பார்கள். கொதிநீரும் ஐஸ் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு முதலில் விரல் நுனிகள் மரத்தன. புருஷன் செத்தபோது அழுகை வரவில்லை. மாமியார் வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். அப்போதுகூட ஏதோ மிச்சம் இருந்தது. மூத்த மகள் மிரன் வீட்டை விட்டுப் போனபிறகுதான் மொத்தமாக அடங்கிப்போனாள்.

பூட்டு மிரன் வாங்கியது. முதல் சம்பளத்தில் பெற்றவர்களுக்கு உள்ளாடை வாங்கிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். இவள் பூட்டு வாங்கி வந்தாள். அம்மா சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்கள் அப்படி.

"நம்பர் என்ன வெக்கலாம்? நீ மறக்காத நம்பரா சொல்லும்மா."

"எனக்கு என்ன நம்பர் தெரியும்? வேலைக்குப் போற பஸ் நம்பர்தான் தெரியும்."

ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்பது. அதையே வைத்தாள். பூட்டின் அடியில் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளையும் காட்டிக் கொடுத்தாள். "உள்ள பேட்டரி செத்துருச்சுன்னா பயப்படாத. கீழ் கடையில சதுர பேட்டரி ஒண்ணு வாங்கிட்டு வந்து இதுல ஒட்டிப் பிடி. முழிச்சுக்கும். அப்புறம் நம்பர அழுத்து." அம்மாவின் மரத்த விரலைப் பிடித்து அந்தப் புள்ளிகளில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

பிறகு மிரன் ஒருத்தனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். ஏற்கெனவே கல்யாணமாகி விலகியவன். பில்சுனுக்கு அப்போது வாய் இருந்ததே, அதுதான் கெடுத்தது. "அவனோட போனா இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள். மகள் அம்மாவைக் கொண்டவள், மிதிக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று. இடையில் பழைய போன் நம்பர்களை எல்லாம் கம்பெனிக்காரர்கள் ஒழித்துக் கட்டினார்கள். அம்மாவின் நம்பர் மாறியது, மகளின் நம்பரை அழுத்தினால் யாரோ ஒரு ஆண் எடுத்தான். தம்பி ஜோங்தேயோ அக்காவின் பேரை எடுத்தாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவன்.

ஆனால் பூட்டு நம்பரை மட்டும் பில்சுன் மாற்றவில்லை. வாய் வராதே என்றது, பூட்டு வா என்றது. அது அவளுக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. மத்தியானம் மன்றத்தில் சொன்ன பதிலுக்கு உண்மையான அர்த்தம் அதுதான். சாவி என்றால் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம்பரை யாரிடமிருந்தும் திருப்பி வாங்க முடியாது.

மாற்றவில்லை என்று சொன்னேனா? இரண்டு மாதம் முன்பு அறுவடைத் திருநாளுக்கு வந்த ஜோங்தே மாற்றிவிட்டான். மூன்றாவது மாடியில் திருடன் புகுந்த சமயம்.

"எத்தன வருஷமா அதே நம்பர்? பார்சல்காரனுக்குத் தெரியும், தண்ணி ஃபில்டர் மாத்துற அம்மாவுக்குத் தெரியும். பேசாம கதவத் தொறந்தே போட்டுறலாம். உன் பேரன் பொறந்த நாள வெச்சிடுறேன். சரியா?"

பில்சுன் திருநாளுக்கு அவித்த மாவு உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் சொன்னால் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும். "சரி" என்றாள். அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினாள். அதுதான் கொடுமை.

மன்றத்திலிருந்து கிம்ச்சி டப்பாவோடு அவள் எட்டாவது மாடி ஏறியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பூட்டைத் தொட்டாள். விழிக்கவில்லை. ஒரு வாரமாகவே கதவு திறக்கும்போதெல்லாம் அது வேறு மெட்டில் அழுதுகொண்டிருந்தது. பேட்டரி போகிறது என்று தெரிந்தும் கிடக்கட்டும் என்று விட்டிருந்தாள். டப்பாவைக் கீழே வைக்கக் குனிந்தவள், கால் மிதியடி ஓரத்தில் ஒரு சதுர பேட்டரி கிடப்பதைப் பார்த்தாள். புதுசு. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் அழகாக மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. தாளை எறியாமல் மடித்து வைக்கிற பழக்கம் யாருக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

எடுத்து அந்த இரண்டு புள்ளிகளில் ஒட்டிப் பிடித்தாள். நம்பர்கள் நீலமாக முளைத்தன. பேரன் பிறந்த நாளை அழுத்தியதும் கதவு திறந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு தோங்ஹோ அம்மா எட்டிப் பார்த்தாள். போன வருஷம் குடிவந்தவள், நல்ல மனசு, கொஞ்சம் வாய் நீளம்.

"வந்துட்டீங்களா? மத்தியானம் உங்க பூட்டு கத்துன கத்துல என் கொழந்த முழிச்சுருச்சு. யாரோ ஒரு பொண்ணு, நாப்பது வயசு இருக்கும். கையில ஒரு சின்னப் புள்ள. வீடு மாறி வந்து நம்பர தப்புத் தப்பா அழுத்தியிருக்கு. நீளமா ஒரு டப்பா வேற. கிம்ச்சி போட அம்மா வீட்டுக்கு வந்துச்சு போல."

"என்ன சொன்னா?"

"அது ஒண்ணும் சொல்லல. புள்ளதான், 'பாட்டி வீட்டு நம்பர் மறந்துட்டியா?'ன்னு கேட்டுச்சு. நான் வெளிய வந்து, யார் வீடு வேணும், இது ஜோங்தே அம்மா வீடாச்சேன்னேன்."

பில்சுன் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை அவள் பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மூத்த பிள்ளையின் பேரோடு அம்மா சேர்ந்துவிடும், சாகும்வரை அதுதான் பேர். பில்சுன் இந்தக் கட்டிடத்துக்கு மிரன் அம்மாவாகத்தான் வந்தாள். மகள் போனபிறகு அக்கம்பக்கத்துக்காரிகள் அவள் மனம் நோகக்கூடாது என்று, தங்களுக்குள் பேசி வைத்ததுபோல, ஜோங்தே அம்மா என்று மாற்றிக்கொண்டார்கள். இவளும் திருத்தவில்லை. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், பழகிவிட்டது. தோங்ஹோ அம்மாவுக்கு வேறு பேரே தெரியாது.

"அதுக்கு அவ?"

"'ஓ, ஜோங்தே அம்மா வீடா'ன்னு சொல்லிச்சு. ரெண்டு தரம் சொல்லிச்சு. அப்புறம் மன்னிச்சுக்கங்க, வீடு தப்புன்னு குனிஞ்சு கும்பிட்டுட்டு லிஃப்ட்ல போயிருச்சு. ஏன், தெரிஞ்ச பொண்ணா?"

பில்சுன் உள்ளே போனாள். செருப்பைக் கழற்றவில்லை, விளக்கைப் போடவில்லை. எங்கே போய்த் தேடுவது? மத்தியானம் போனவள். பில்சுன் மன்றத்தில் உட்கார்ந்து, சாவி வேண்டாம்ல என்று சொல்லிக்கொண்டிருந்த நேரமாகக்கூட இருக்கும்.  ஈரத் துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டாவது வருமே, அவள் கண்ணில் அதுகூட வரவில்லை. கை மட்டும் வேலையைப் பார்த்தது. அலமாரியிலிருந்து பேட்டரிகளை எடுத்து, பூட்டின் உள்பக்க மூடியைக் கழற்றிப் பழையதை மாற்றியது. மூடிக்குள் சின்னதாய் ஒரு பொத்தான் இருக்கும். முதல் நாளே மிரன் காட்டிக் கொடுத்ததுதான். அதை அழுத்தி, ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்பது என்று வைத்தாள்.

பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டிக்கொண்டது. மகள் நின்ற இடத்தில் நின்று பஸ் நம்பரை அழுத்தினாள். திறந்தது. மறுபடியும் சாத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். திறந்தது. மூன்றாம் தரம் தோங்ஹோ அம்மா பொறுக்க மாட்டாமல் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"என்னாச்சு ஜோங்தே அம்மா? பூட்டு ரிப்பேரா?"

"மிரன் அம்மா" என்றாள் பில்சுன்.

"என்னது?"

"என்ன அப்படித்தான் கூப்பிடணும். மூத்தவ மிரன். மத்தியானம் வந்தது அவதான். இனிமே யாரு வந்து கேட்டாலும், இது மிரன் அம்மா வீடுன்னு சொல்லு."

தோங்ஹோ அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "சரிங்க, மிரன் அம்மா" என்றாள்.

அந்தப் பேர் காதில் விழுந்ததும் பில்சுன் திறந்த கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கிம்ச்சி டப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தச் சொல்லிப் பூட்டு கத்தத் தொடங்கியது. அது கத்திக்கொண்டே இருந்தது. அவள் நகரவில்லை.